தண்ணீர் அறுத்த கழுத்து

நேசையனின் கழுத்தை அறுத்தது கத்தியில்லை...

தண்ணீர்!

போர்வெல் குழாய்க்குள் கல்லாய் இறுகிய சுண்ணாம்பையே, ஹோஸ் முனையில் சீறிப் பெயர்த்தெடுக்கிற தண்ணீர். மனுசத் தோல் எம்மாத்திரம்?

எல்லாம் கவனக்குறைவு என்றான், குழாய் கழுவும் கம்பெனி முதலாளி பகவதிப்பெருமாள். போலீஸும் விபத்து என்று மூடிவிட்டது.

நேசையனின் மனைவி தாசம்மாள் அதை நம்பவில்லை. கவனக்குறைவா? அவள் புருஷனுக்கா?

ஹோஸில் முனைக்கு ஒரு கை தள்ளி சிவப்பு டேப் சுற்றாமல் பம்பைத் தொடமாட்டான் நேசையன். ஹோஸை இழுக்கும்போது டேப் தெரிந்தால், முனை இன்னும் குழாய்க்குள் இருக்கிறது, பம்பை நிறுத்து என்று அர்த்தம். டேப்பை யாராவது முனையோரமாய் நகர்த்தி ஒட்டினால்...?

டேப் தெரியும்போதே முனையும் வெளியே சீறும்!

முதலாளி ஆசிட் கழிவை ஊர்க்கிணற்றில் விட்டதை நேசையன் பார்த்திருந்தான். கலெக்டரிடம் சொல்லப்போவதாக முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லியும் இருந்தான். மறுநாள் பிணம்.

முதலாளியை நறுக்கிப் போடவேண்டும் என்றுதான் தாசம்மாள் நினைத்தாள். ஆனால், போய் வேலை கேட்டாள். ஊர் வாய்க்குப் பயந்து அவளைப் பம்ப் சுவிட்சில் உட்காரவைத்தான் பகவதிப்பெருமாள்.

இன்று முதலாளியின் விழிஞ்ஞம் யார்டுக்கு, இடுப்பில் செல்போன் செருகிய ஒரு கோவளம் ஹோட்டல்காரர் வந்திருந்தார். முதலாளியே குழாயைக் கழுவிக் காட்டவேண்டுமாம். தாசம்மாள் முனையைக் குழாய்க்குள் செருகிக் கொடுக்க, பகவதிப்பெருமாள் ஹோஸைப் பிடித்தான். பம்ப் உறுமியது. சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது.

ஹோஸை இழுக்கத் தொடங்கினான்.

"அது அவரு கடைசியா பிடிச்ச ஹோஸாக்கும், முதலாளி."

அவன் கை நின்றது. "அதை கோடவுன்ல பூட்டியல்லா வச்சிருக்கேன்..."

"நான் தொறந்தேன்."

முகம் வெளிறிவிட்டது. இழுக்கவும் பயம், விடவும் பயம்.

"பம்பை நிறுத்துட்டி."

"டேப் தெரியட்டும் முதலாளி. அதுதானே முறை?"

"அந்த டேப்பை நம்பாதட்டி... அது முனைகிட்ட இருக்கு!"

"யாரு நகத்துனா?"

தாசம்மாளின் விரல் சுவிட்சின் மேல் அசையாமல் இருந்தது.

"நான்தாண்டி... நான்தான் நகத்துனேன். நிறுத்து!"

நிறுத்தினாள்.

ஹோட்டல்காரர் எழுந்து வந்து விலங்கை மாட்டினார். தாசம்மாள் சொல்லி வேஷம் போட்டு வந்த இன்ஸ்பெக்டர் கோமதிநாயகம்! இடுப்பிலிருந்த செல்போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. அவரே ஹோஸை வெளியே இழுத்துப் போட்டார். அது வேறொரு பழைய ஹோஸ். டேப் முனையிலிருந்து சரியாக ஒரு கை தள்ளி, இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தது.

நேசையனின் ஹோஸ் இன்னும் கோடவுனில்தான் கிடந்தது. அந்தப் பூட்டை அவள் தொட்டதேயில்லை!

குழாய் பாதிதானே சுத்தமாகியிருக்கிறது என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"சுண்ணாம்பை நான் பாத்துக்கிடுதேன் சார்... இவனை நீங்க சுரண்டுங்க."