ஒற்றன் நத்தை

ஆணியில் மாட்டியிருந்த ரிசீவர் ‘கீக்’ என்றது. முகம்மது மைதீன் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். நூறு அடிக்குள் ஒற்றன் இருந்தால்தான் அது கத்தும். ஒற்றனோ அக்கரை வாழைத்தோப்பில் இருக்க வேண்டியவன். அதற்கும் பேட்டையில் உள்ள அவர் வீட்டுக்கும் நடுவே இரண்டு மைல் தூரம், ஒரு ஆறு, ஒரு ரயில்வே கேட்.

ஒற்றன் என்பது ஒரு நத்தை. எலுமிச்சங்காய் அளவு ஆப்பிரிக்க நத்தை. தோப்புகளைத் தின்று தீர்க்கும் அந்த அந்நியக் கூட்டத்தை ஒழிக்க ஆராய்ச்சிக்காரர்கள் புது வழி கண்டிருந்தார்கள். ஒரு நத்தையின் ஓட்டில், மிளகளவு சிவப்பு விளக்கு மினுக்கும் டிரான்ஸ்மிட்டரை ஒட்டி விடுவது. அது தன் இனத்தைத் தேடிப் போகும். ரிசீவரோடு பின்னாலேயே போய் மற்றவற்றையெல்லாம் அள்ளி உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, ஒற்றனை மட்டும் மறுபடி விட்டுவிடுவது. அள்ளுகிற வேலை மைதீனுக்கு. பதினோரு முறை அது கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தது. பதினோரு முறையும் தனியே மிஞ்சி, இரண்டு கொம்பையும் நீட்டி அவரைப் பார்த்தது.

செத்தவற்றை ஓட்டோடு புதைக்கச் சொல்லியிருந்தார்கள். மைதீனுக்கு மனசு வரவில்லை. மகள் அர்ஷியாவுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ்; வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும்; ஒன்பது மூட்டை ஓடு சும்மா கிடக்கிறது. சிப்பியைச் சுடுவது போலச் சுட்டு நீற்றினார்.

“செத்ததுக எலும்பை அரைச்சு வீட்டுக்குப் பூசுதீயளே அண்ணாச்சி, நல்லாவா இருக்கு?” என்றான் கூட வேலை பார்க்கும் பலவேசம்.

“நத்தைக்கு எங்கலே எலும்பு? ஒன் வீட்டுக்கும் ரெண்டு சட்டி தாரேன், பேசாம இரு.”

சுண்ணாம்பு பால் போல வந்தது. சுவருக்குப் போக மிஞ்சியது வெற்றிலைச் செல்லத்துக்கு.

‘கீக். கீக்.’

காலையிலிருந்து விடாத மழை. சொந்தக்காரர்கள் எல்லாம் துணி எடுக்க டவுனுக்குப் போயிருந்தார்கள். உள்ளறையில் அர்ஷியா மட்டும், இரண்டு கையிலும் மருதாணி காயப் படுத்திருந்தாள். ஈரமண் வாடையோடு, மழைக்குள் அழுகிய வாழைத்தண்டின் வாடையும் வந்தது. அதன் அடியில், பெரிய ரம்பத்தை யாரோ பொறுமையாகத் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு, நாலு சுவரிலும்.

“வாப்பா, செவுத்துல எலியா கரண்டுது?”

“எலிதான் மக்கா. நீ ஒறங்கு.”

குடையோடு வெளியே போனார். அடித்துப் பதினெட்டு நாளான வெள்ளையைக் காணோம். ஓட்டுச்சாய்ப்பு வரை நத்தைகள், ஓட்டோடு ஓடு உரச, நாக்கால் சுவரை அராவிக்கொண்டிருந்தன. தின்ற இடத்தில் செங்கல் தெரிந்தது. ஆற்றை எப்படிக் கடந்தன என்று கேட்கலாம். பாலம் எல்லோருக்கும் பொதுதானே.

ஒற்றன் அவருக்கு அவற்றைக் காட்டிக்கொடுத்தது. இப்போது அவற்றுக்கு அவரை.

உப்பு எடுக்கத் திரும்பியவர், பழக்கத்தில் வெற்றிலையைத் துப்பினார்.

கரகரப்பு நின்றது.

சுவர் முழுக்கக் கொம்புகள் திரும்பின. அவரை நோக்கி அல்ல. துப்பலை நோக்கி. அதில் இருந்த சுண்ணாம்பை நோக்கி.

மத்தியானம் நினைவுக்கு வந்தது. “கையில மருதாணி வாப்பா, வெத்தலைய நீங்களே ஊட்டிவிடுங்க. சுண்ணாம்பு கூட வைங்க, உதடு செவக்கணும்லா.” ஊட்டியிருந்தார். தன் விரலாலேயே.

ஓடினார். ரிசீவரை ஆணியிலிருந்து பிடுங்கினார். கூடத்தில் கீக் கீக். உள்ளறை வாசலில் கீக்கீக்கீக். சன்னல் விளிம்பில் ஈரக்கோடு. அது பாயில் இறங்கியது. தலையணையில் ஏறியது.

“அர்ஷியா.”

மருதாணிக் கைகள் விரிந்தபடி. கண் திறந்துதான் இருந்தது. கன்னத்தில் வெள்ளிக்கோடு. ரிசீவர் இப்போது விட்டுவிட்டுக் கத்தவில்லை. ஒரே இழுப்பு.

“மக்கா. வாயைத் தொற.”

திறந்தாள்.

பல் ஒன்றுகூட இல்லை. சிவந்த இருட்டுக்குள் மிளகளவு விளக்கு மினுக்கியது. கீழுதட்டுக்கு மேலாக, பைய, இரண்டு கொம்புகள் நீண்டு அவரைப் பார்த்தன.