இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குல்லாவும்

"பொறந்தநாளும் அதுவுமா புள்ளைக்குச் சளி புடிக்க வெச்சுறாத," என்று விடிவதற்கு முன்பே வனிதாவிடம் ஆரம்பித்துவிட்டாள் நாத்தனார் மருதாம்பாள். மலைமேல் இருக்கும் ஜெகதளாவில் அந்த மார்ச் மாதத்திலும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தர்ஷிகாவுக்கு அன்று ஐந்து வயது. கோயம்புத்தூரில் இருக்கும் தாய்மாமன் சங்கிலி எல்லோரையும் அங்குள்ள பூங்காவுக்கு வரச் சொல்லியிருந்தான். கேக், ரயில் சவாரி என்று குழந்தை துள்ளிக்கொண்டிருந்தாள். வனிதாவோ சங்கிலி என்ன குறை கண்டுபிடிப்பானோ என்று குழந்தையின் கவுனை மறுபடி மறுபடி சரிசெய்துகொண்டிருந்தாள்.

தர்ஷிகாவைப் பெற்றவள் அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு குழந்தையின் அப்பா ராசு கட்டிக்கொண்டவள்தான் வனிதா. குழந்தை முகத்தில் ஒரு வாட்டம் தெரிந்தாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று கல்யாணத்தன்றே சொல்லிவிட்டான் சங்கிலி. அதற்குப் பயந்தே, தனக்கென்று ஒரு பிள்ளைகூட வேண்டாமென்று இருந்துவிட்டாள் அவள். இதை யாரிடம் சொல்வது?

ராசுவின் அக்கா மருதாம்பாள், புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். தாயில்லாக் குழந்தையை நெஞ்சில் போட்டு வளர்த்தவள். அந்தப் பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் ஒரு துளிகூட வனிதாவின் பக்கம் சிந்தியதில்லை. மலையை விட்டுக் கீழே இறங்கியே பல வருஷமான அவளுக்குக் குளிர் ஒன்றுதான் எதிரி. குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர் மாட்டி, காதை மூடும் குல்லாவையும் இறுக்கிக் கட்டித்தான் பஸ் ஏற்றினாள்.

மேட்டுப்பாளையம் தாண்டியதுமே வெயில் அடித்தது. குழந்தையின் முகம் சிவந்திருப்பதைப் பார்த்து, வனிதா பொத்தானைக் கழற்றப் போனாள். மருதாம்பாள் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"காத்து பட்டா நெஞ்சு கட்டிக்கும். பெத்திருந்தா தெரியும் உனக்கு."

வனிதா கையை எடுத்துக்கொண்டாள். ராசு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வீட்டில் எது நடந்தாலும் வெளியே பார்க்க அவனுக்கு ஏதாவது கிடைத்துவிடும்.

பூங்கா வாசலில் குழந்தை வாந்தியெடுத்துத் துவண்டு விழுந்தாள். அங்கே காத்திருந்த சங்கிலி ஓடி வந்து ஸ்வெட்டர்களை உருவி எறிந்தான். வனிதா முந்தானையை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தாள். நிழலில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டு, இளநீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். மெல்லக் குழந்தை கண் திறந்தாள். அதன் பிறகுதான் சங்கிலிக்கு வாய் வந்தது.

"பாத்தீங்களா மாப்ள... சித்தி கையில குடுத்தா புள்ள இப்படித்தான் வேகும். இன்னிக்கே எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க."

ராசு தலையைக் குனிந்துகொண்டான். கூட்டம் கூடிவிட்டது. வனிதா மிச்ச இளநீரைக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சங்கிலி குனிந்து குழந்தையைத் தூக்கப் போனபோது, மருதாம்பாள் குறுக்கே வந்து நின்றாள்.

"நாந்தானுங்க போட்டுவுட்டேன். அவ கழட்டத்தான் போனா... நாந்தான் கையத் தட்டிவுட்டேன். வெய்யறதுன்னா என்னைய வெய்யுங்க."

சங்கிலி திகைத்துப்போய் வனிதாவைப் பார்த்தான். இவ்வளவு பேச்சையும் ஏன் வாங்கிக்கொண்டு இருந்தாய் என்று கேட்டான்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாங்கண்ணா?"

சங்கிலி நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டு, டவல் நனைத்து வருவதாக முணுமுணுத்து நகர்ந்தான். மருதாம்பாள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்து வனிதாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "பெத்தவளாட்டம் பாக்குறவளப் போயி என்ன பேச்சுப் பேசிப்புட்டேன்..." என்று விம்மினாள். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வனிதாவுக்கும் உடைந்துகொண்டு வந்தது.

மடியிலிருந்த குழந்தை பயந்துபோய், சித்தி ஏன் அழுகிறாள் என்று கேட்டாள். அப்படித்தான் அவளுக்குக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவளும் மருதாம்பாள்தான்.

மருதாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையின் தலையைத் தடவினாள்.

"சித்தி இல்ல கண்ணு. உங்கம்மா."