கொடியில் ஒரு மஞ்சள் கவுன்

யாரும் வாங்கத் துணியாத வீட்டை வாங்கிக் கைமாற்றுவதுதான் என் தொழில். எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்த அரசு ஊழியர் குடியிருப்பு ஏலத்துக்கு வந்தபோது, பதினான்காம் எண் வீட்டை எடுத்தேன். ஒரு சித்திரை மதியம் கதவிலிருந்த அரசு முத்திரையை உடைத்து உள்ளே போனேன். வௌவால் எச்சமும் ஈரச் சுவரும் நாறின. சமையலறையில் மட்டும் யாரோ அப்போதுதான் தாளித்துவிட்டுப் போன மணம். பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பக்கத்து வீடுகளும் காலி என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

காலி வீட்டை விற்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு வேலை செய்வோம். ஆள் புழங்குகிற வீடு என்றால்தான் பார்க்க வருகிறவனுக்குத் தைரியம் வரும். அதனால் கொடியில் ஒரு துணி, வாசலில் ஒரு ஜோடி செருப்பு. குழந்தையுடையது என்றால் இன்னும் நல்லது. என் மகள் யாழினியின் மஞ்சள் கவுனையும் பழைய செருப்பையும் கொண்டுபோய் வைத்தேன். அவளுக்கு ஆறு வயது. தாயில்லாத பிள்ளை. ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டில் அவளும் நானும்தான்.

மூன்றாம் நாள் போனேன். கவுன் நனைந்திருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

மழை இல்லை. அந்த வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பே இல்லை.

செருப்பு வாசலில் இல்லை. பூட்டிய வீட்டுக்குள், சமையலறைக் கதவோரம் ஜோடி சேர்த்து இருந்தது.

குடியிருப்பைப் பெருக்க வரும் பொன்னுத்தாய் என்னைக் கடிந்துகொண்டார். "பாப்பாவ இப்படித் தனியா விட்டுட்டுப் போறீங்களே சார்?"

என் வித்தை பலித்துவிட்டது என்று சிரித்தேன். என்ன புத்தி எனக்கு!

அன்று யாழினி சோற்றைத் தொடவில்லை.

"சாப்பிட்டேன்ப்பா. அந்த வீட்டு அம்மா ஊட்டுனாங்க."

அந்த வீட்டை அவள் பார்த்ததே இல்லை.

பத்தே நாளில் பிள்ளை கூடாய்ப் போனாள். ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. கண் திறக்கவில்லை, கை சில்லிட்டுவிட்டது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். எனக்குச் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அப்போதுதான் பொன்னுத்தாய் கேட்டது மண்டையில் இறங்கியது.

பட்டப்பகலில் அந்த வீட்டுக்கு ஓடினேன். பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே தட்டு உரசும் சத்தம்.

பிறகு ஒரு சிரிப்பு.

யாழினியின் சிரிப்பு.

வாசலிலேயே விழுந்தேன். "எம்புள்ளைய விட்டுடுங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள்.

"நீங்கதானே கொண்டாந்து விட்டீங்க?"

அந்தப் பெண் குரலில் கோபமே இல்லை.

"தப்புதாங்க. வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"அங்க அவளப் பாத்துக்க யாரு இருக்கா?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. நாளெல்லாம் பொய் சொல்லி வீடு விற்கிறவன், அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொன்னேன்.

"யாரும் இல்லைங்க."

பூட்டு தானாக விழுந்தது. உள்ளே ஆள் இல்லை. தட்டில் பாதித் தயிர்சாதம் இருந்தது. கவுனையும் செருப்பையும் வாரிக்கொண்டு ஓடிவந்தேன். நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது யாழினி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம். கவுனையும் செருப்பையும் கொளுத்தினேன்.

இன்று காலை வாசற்கதவைத் திறந்தேன். எங்கள் கொடியில் ஒரு நூல் சேலை சொட்டிக்கொண்டிருந்தது. யாழினியின் புதுச் செருப்புக்குப் பக்கத்தில், ஒரு பெண்ணின் தேய்ந்துபோன செருப்பு ஜோடி சேர்த்து இருந்தது.

சமையலறையிலிருந்து தாளிக்கும் மணம் வந்தது.

"அப்பா," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள் யாழினி. "உங்களுக்கும் தட்டு வெச்சிருக்காங்க."