முனைக்கரைத் தலைவரின் படம்

சனிக்கிழமை காலை, பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள தம் மொழிபெயர்ப்பு அலுவலகத்தைச் சிவமணி திறக்க வந்தபோது, அரியரத்தினம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதிலும் அவருடைய கோட்டும் கழுத்துப்பட்டியும் குலைந்ததில்லை. அன்று முகம் குலைந்திருந்தது.

"நாளைக்கிடையிலை கள்ளனை நிரூபிச்சுத் தரவேணும். ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியும். யேசுரட்ணம்."

பொலிசுக்குக் கொண்டுபோக விரும்பாத வழக்குகளுடன் லாசப்பல் வட்டாரத் தமிழர் சிவமணியிடம் வருவது புதிதல்ல. அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முழுவதையும் கேட்டார்.

முனைக்கரை யாழ்ப்பாணக் கடலோரத்தில் ஒரு சிற்றூர். ஒரு மீன்சந்தை, ஒரு பேருந்து நிலையம், கடலைப் பார்த்தபடி ஒரு நகரசபை. அரியரத்தினத்தின் தந்தை அம்பலவாணர் முன்பு அச்சபையின் தலைவர். இப்போது புதிய மண்டபம் கட்டி, பழைய தலைவர்களின் படங்களை மாட்டப்போகிறார்கள். பாரிசுக்கு வந்திருக்கும் இன்றைய தலைவர், அம்பலவாணரின் படத்தை நாளை குடும்பத்தாரின் கையால் பெற்றுக்கொள்வதாக ஏற்பாடு. யேசுரட்ணம் தம் மீன்கடையின் பின்னறையை அதற்காக இலவசமாகக் கொடுத்திருந்தார். நேற்று மாலை அங்கே படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, ஊரவர் கூடிக் கலைந்தார்கள். ஊர்ச்சங்கச் செயலாளர் ஐங்கரன் காலணியைக் கழற்றாமலே தரையைத் துடைத்து, விளக்கை எரியவிட்டுப் பூட்டினார். பிறகு மழை பெய்தது. இன்று காலை கதவைத் திறந்து வாசலில் நின்றே பார்த்தார்கள்: படம் இல்லை, பூட்டு உடையவுமில்லை. சாவி மூன்று பேரிடம்தான்: யேசுரட்ணம், ஐங்கரன், பலகாரம் கொண்டுவந்த அரியரத்தினத்தின் தங்கை புனிதவதி.

யேசுரட்ணம் கடற்கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவர். அந்தப் படம் தொங்கப்போகும் சபையில் இப்போது எங்கள் ஆட்களும் உறுப்பினராக இருக்கிறார்கள் என்று போன வாரம் சொன்னாராம். அம்பலவாணரோடு அவர்களுக்கு என்ன கோபம் என்று சிவமணி கேட்டதற்கு, அது வேண்டாத கதை என்று அரியரத்தினம் முகத்தைத் திருப்பினார். தேநீர்க்கடையில் பத்துப் பேர் கேட்க யேசுரட்ணத்தைக் கள்ளன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் இங்கே வந்திருந்தார். அது பிழையென்றால் நாளை குடும்பத்தின் பெயர் என்ன ஆகும்?

"படம் இல்லையெண்டதும் அந்த மூண்டு பேரும் என்ன கேட்டவை?" என்றார் சிவமணி.

கதவு உடைந்ததா என்று ஐங்கரன் கேட்டான். வேறு ஏதும் போனதா என்று யேசுரட்ணம் கேட்டார். "தங்கச்சிதான் பாவம், நாளையை நினைச்சுக் கலங்கிப்போனாள். 'அப்ப இனி அதை அங்கை மாட்டேலாது, என்ன அண்ணா?' எண்டு கேட்டவள்."

சிவமணி அறையைப் பார்க்க எழுந்தார்.

பின்னறைக்குச் சந்துருவும் கூட வந்தான். தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்தவன். சனிக்கிழமைகளில் அலுவலகக் கணினியைப் பார்க்க வருபவன், துப்பு என்றால் சாப்பாட்டை மறப்பான். வந்ததும் தரையில் குனிந்துவிட்டான்.

"சார், வாசல் கால்மிதியில ரெண்டு சேத்துத் தடம், பக்கத்துல பக்கத்துல. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. பறந்து போயிருக்கான்."

"பறக்கேல்லை, தம்பி. சப்பாத்தைக் கழட்டியிருக்கு."

விளக்கில் பாதி எண்ணெய் மிச்சம் இருந்தது. திரி எண்ணெய்க்குள் இழுத்துவிடப்பட்டிருந்தது. மாலை தாம்பாளத்தில் வட்டமாக வைக்கப்பட்டிருந்தது. ஒரு பூக்கூடக் கீழே விழவில்லை. மேசையில் விரித்திருந்த வெள்ளை வேட்டியைக் காணவில்லை.

பின்னேரம் எல்லோரையும் அந்த அறைக்கே சிவமணி அழைத்தார். புனிதவதி புறநகர்க் கூசேன்வில்லிலிருந்து வந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"வந்தவர் சப்பாத்தைக் கழட்டினவர்," என்று சிவமணி தொடங்கினார். "விளக்கை வாயாலை ஊதேல்லை. மாலையை நிலத்திலை போடேல்லை. வேட்டியாலை சுத்தித்தான் படத்தைத் தூக்கினவர். கோவத்திலை வந்த ஆள் இப்பிடிச் செய்யாது. களவெடுக்க வந்த இடத்திலையும் மரியாதையை விட ஏலாமல் போச்சு."

"ஐங்கரனும் விளக்கை ஊத மாட்டாரே சார்?" என்றான் சந்துரு.

"ஐங்கரன் நேற்று இந்த அறையைச் சப்பாத்தோடை நிண்டு துடைச்ச பிள்ளை." ஐங்கரன் அசடு வழிந்தான். "அவர் கதவைப் பற்றிக் கேட்டார். யேசுரட்ணம் சாமானைப் பற்றிக் கேட்டார். ஓராள் மட்டும் ஆர், எப்பிடி எண்டு கேட்கேல்லை. இனி மாட்டேலாது தானே எண்டு கேட்டவ."

அரியரத்தினம் எழுந்தார். அதற்குள் புனிதவதி பேசிவிட்டார்.

"என்ரை கட்டிலுக்குக் கீழை இருக்கு, அண்ணா."

அவர் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தார். "சபைத் தண்ணிக் குழாயை அப்பா எங்கடை மதிலோடை நிப்பாட்டினவர். கடற்கரைக் குடியிருப்புக்குத் தண்ணி போக விடேல்லை. அந்தப் பெண்டுகள் குடத்தோடை வெய்யிலுக்கை நிண்டதை நான் சன்னலாலை பாத்தனான். அவையின்ரை பிள்ளையள் இருக்கிற மண்டபத்திலை, அவையின்ரை தலைக்கு மேலை அப்பாவை மாட்ட எனக்கு வெக்கமாயிருந்தது. எறியவும் மனம் வரேல்லை. அப்பா தானே."

"ஆக்களுக்கு முன்னாலை வீட்டுக் கதை கதையாதை," என்றார் அரியரத்தினம். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"எனக்குத் தெரியாத கதையே, அண்ணை?" யேசுரட்ணம் அமைதியாகச் சொன்னார். "குடத்தோடை நிண்டதிலை எங்கடை அம்மாவும் ஒராள்."

"பிறகேன் அறையைத் தந்தனீ?"

"நீங்கள் என்ரை கடைக்கு வந்து கேட்டியள். முதல்தரம் வந்தியள். இனி எங்களோடை இருந்து ஒரு தேத்தண்ணி குடிப்பியள் எண்டு நினைச்சன். நேற்று எல்லாரும் குடிச்சவை. நீங்கள் மட்டும் கோப்பையைத் தொடேல்லை."

அரியரத்தினம் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வெளியே நடந்தார். பின்னால் ஓடப்போன சந்துருவின் தோளில் சிவமணி கைவைத்தார்.

தேநீர்க்கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, சாமான் பைகளோடு வந்தவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அரியரத்தினம் நடுவில் போய் நின்றார். பேச்சு தானாக அடங்கியது.

"காலமை நான் இஞ்சை ஒரு பேர் சொன்னனான். அது பொய். யேசுரட்ணம் எடுக்கேல்லை. எடுத்தது எங்கடை வீடு."

"உங்கடை வீட்டிலை ஆர் ஐயா? ஏன்?" என்று யாரோ கேட்டார்கள்.

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் பழி தங்கையோடு முடிந்துவிடும். அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

"அப்பா சபைத் தலைவரா இருக்கேக்கை," என்று அவர் தொடங்கினார், "ஊருக்கு ஒரு தண்ணிக் குழாய் வந்தது."