இடது கோடிப் பெடல்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு லிஃப்ட் நின்றது. மூன்றாவது மாடியிலும் இல்லை, நான்காவது மாடியிலும் இல்லை... நடுவே அந்தரத்தில்.

உள்ளே அவளும் ஒரு பெடல் பலகையும். பலகை என்றால் சாதாரணப் பலகை இல்லை. காலால் மிதித்து வாசிப்பதற்கான முப்பது நீளக் கட்டைகள் கொண்ட, இரண்டு ஆள் தூக்க வேண்டிய மரச் சட்டம். வெளியே கொட்டிய மழை அவள் கூந்தல் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக அந்தக் கட்டைகளின் மேல் விழ, கையாலேயே துடைத்துத் துடைத்து அலுத்துப்போயிருந்தாள்.

இருபத்தைந்தாவது நிமிடம் மேலே கதவு ஒரு சாண் திறந்தது. முதலில் டார்ச் வெளிச்சம். பிறகு தலைகீழாக ஒரு முகம்.

"உள்ள எத்தனை பேரு?"

"ஒருத்திதான்."

"கூட ஒரு கட்டில் இருக்கே மேடம். அதோட முனை கதவை இடிச்சிட்டு நிக்குது. அதான் லிஃப்ட் நின்னிருச்சு. இதை யாரு உள்ள ஏத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அஞ்சாவது மாடிக்கு எனக்குப் பறந்து போகத் தெரியல."

தலைகீழ் முகம் சிரித்தது. திட்டு வாங்கிக்கொண்டே சிரிக்கிற கண்கள்... மழையில் கழுவிவிட்டது போல அப்படி ஒரு பளிச்சென்ற கறுப்பு. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. நகர மண்டபத்தில், நூற்றுக்கணக்கான காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் ஆர்கனை வாசிக்கும் வேலை பதினோரு வருடத்துக்குப் பிறகு காலியாகியிருக்கிறது. விண்ணப்பிப்பவர் பதினான்கு நிமிடம் ஒரே மூச்சில் வாசித்து, கையும் காலும் தெரியும்படி படம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். வெட்டு ஒட்டு கூடாது. அவள் வாசித்துப் பழகிய நிஜ ஆர்கனோ, தூசு தட்டுவதற்காகக் குழாய் குழாயாகக் கழற்றப்பட்டுக் கிடந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு பழைய கீபோர்டுகளையும், நிஜ ஆர்கனின் குழாய் ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு மென்பொருளையும் வாங்கியிருந்தாள். காலுக்கு இன்றைக்கு இந்தப் பலகை. இதை விட்டால், பதினேழு பிள்ளைகளுக்கு ஒரே பாட்டைப் பியானோவில் சொல்லிக் கொடுத்தே தலை நரைக்க வேண்டியதுதான்.

லிஃப்ட்காரன் அவளை மேலே தூக்கிவிட்டான். பலகையையும் தூக்கினான். ஐந்தாவது மாடி வரைக்கும் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை அவள். படிக்குப் படி ஒரு சண்டை.

"இடது பக்கம் மேடம்."

"யாரோட இடது?"

"உங்க... சரி, என்னோட."

கதவைத் திறந்த அம்மா மகளைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தாள். "இன்னொண்ணா? ஏண்டி, நாம எங்க உட்காருறது?"

கூடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கீபோர்டுகள். அவற்றின் கேபிள்கள் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து ஒரே வயராக லேப்டாப்புக்குள் போயின. பலகையின் வயரையும் அதே பெட்டியில் சொருகிவிட்டு, அவள் கீழ்க் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள். வர வேண்டியது மெல்லிய புல்லாங்குழல் ஒலி. வந்ததென்னவோ புல்லாங்குழலோடு மேல் கீபோர்டின் எக்காளமும் சேர்ந்து.

"நாலு நாளா இதே கூத்துதான் தம்பி," என்றாள் அம்மா. "துறைமுகத்துல குடியிருக்கிற மாதிரி இருக்கு. எப்போ கப்பல் கிளம்பும்னுதான் தெரியல."

போகத் திரும்பியவன் நின்றான். "ரெண்டும் ஒரே பெட்டி வழியாத்தான் போகுதா? ரெண்டுக்கும் நம்பர் வேற வேறதானே?"

"என்ன நம்பர்?"

"பக்கத்துப் பக்கத்துல ரெண்டு லிஃப்ட் இருக்குன்னு வைங்க. ரெண்டுக்கும் ஒரே நம்பர் குடுத்துட்டா, ஒரு பட்டனை அமுக்கினா ரெண்டும் கிளம்பி வந்துரும். எதைக் கூப்பிட்டீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

சேனல் எண்... அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு கீபோர்டுகளும் சேனல் ஒன்றிலேயே பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. கீழ்க் கீபோர்டை இரண்டுக்கும் பலகையை மூன்றுக்கும் மாற்றினாள். திரையில் கீழ்க் கீபோர்டின் படத்தைத் தொட்டதும், முதல் கட்டையை அழுத்து, கடைசிக் கட்டையை அழுத்து என்று மென்பொருள் கேட்டது. அழுத்தினாள். புல்லாங்குழல் மட்டும் தனியாக, தண்ணீர் போலக் கூடத்தில் பரவியது.

நாலு நாள். நாலு நாள் கேபிளை மாற்றி மாற்றிச் சொருகியிருக்கிறாள். இவன் வந்து பத்து நிமிடம் ஆகவில்லை. நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும்... வாயில் வந்தது வேறு.

"நானே கண்டுபிடிச்சிருப்பேன்."

அவன் சுவரில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் வகுப்புப் பட்டியலை ஒரு பார்வை பார்த்தான். "கண்டிப்பா, டீச்சர்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி வந்து நின்றான். லிஃப்ட் கதவின் உருளையை மாற்ற வேண்டுமாம். போகிற போக்கில் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தானாம். அந்தக் கதவு இருப்பது மூன்றாவது மாடியில். எந்தப் போக்கில் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

அவன் வந்த நேரமோ என்னவோ, பலகையில் அவள் மிதித்த கட்டை ஒன்று, காலை எடுத்த பிறகும் ஒலிப்பதை நிறுத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து எழும் உறுமல். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைத் துடைப்பக் கட்டையால் இடித்தார். அவள் லேப்டாப்பில் எதையெதையோ தட்டத் தட்ட உறுமல் கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் லிஃப்ட்காரன்தான் வயரைப் பிடுங்கினான்.

"இதுக்கு எமர்ஜென்சி ஸ்டாப் எங்க இருக்கு?"

"ஆர்கனுக்கு அதெல்லாம் கிடையாது."

"கிடையாதா?" கதவே இல்லாத வீட்டைப் பார்த்தவன் போல அவளைப் பார்த்தான்.

கட்டைக்கு அடியில் ஒரு மின் தொடுமுனை வளைந்திருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொள்கிறதா பார்க்கிறேன் என்று பலகைக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். அவள் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தாள். நடுப்பகுதியில் மூன்று பக்கம் கடினம். அதையே திரும்பத் திரும்ப. கடைசிப் பக்கம் தூக்கத்திலும் வரும் என்பதால் தொடவில்லை. ஜன்னலில் மழை கோடு கோடாக வழிந்தது... கீழே ஒருவன் மூச்சுவிடும் சத்தம்கூடக் காட்டாமல் உட்கார்ந்திருந்தான். அவளோ குழந்தைகள்கூட வாசித்துவிடும் இடத்தில் மூன்று முறை தவறினாள். பார்த்தால் அவன் கண் வேறெங்கும் இல்லை. கால்கட்டைகளின் மேலேயே.

அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது லேப்டாப் முன் நின்றிருந்தான்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர். சேவ் பண்ணேன்."

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குக் கேமராவை ஓடவிட்டு உட்கார்ந்தாள். இப்படி ஒரு வாசிப்பு அவள் வாழ்நாளில் வந்ததில்லை. மூன்று பக்கக் கடினமும் வெண்ணெயாகக் கடந்துபோனது. எல்லாக் குழாய்களும் திறந்துகொள்ள, அலை அலையாக ஏறி, ஏறி... முழு இசையிலும் ஒரே ஒருமுறை, முடிவில் மட்டும் வருகிற அந்த அடிமட்ட ஒலிக்காக இடது காலை நீட்டி, இடது கோடிக் கட்டையை மிதித்தாள்.

ஒன்றுமில்லை. மிதித்த ஒலி வரவில்லை என்பது மட்டுமில்லை, ஒலித்துக்கொண்டிருந்த அத்தனையும் அடங்கிப்போனது. கடிகார முள் மட்டும் கேட்டது.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சா? நல்லாத்தான் இருந்துச்சு. முடிவுதான் கொஞ்சம் பட்டுனு..."

மறுபடி ஒரு சுரத்தைப் பிடித்து, அந்தக் கட்டையை மிதித்துப் பார்த்தாள். மறுபடி மௌனம். யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நேரே போய், லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த அவசர எண்ணைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்க, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?"

"உங்ககிட்ட மாட்டிக்கிட்டேன். உடனே வாங்க."

ஐந்து மணி நாலு நிமிடத்துக்குத் தலையிலிருந்து தண்ணீர் வழிய வந்து நின்றான். அவள் கட்டையைக் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது.

"அது... எமர்ஜென்சி ஸ்டாப். நேத்து மாதிரி மாட்டிக்கிட்டா நீங்க வயரைத் தேடக் கூடாதுன்னு நான்தான் வச்சேன்."

"முப்பது கட்டையில இதுதான் கிடைச்சுதா?"

"நீங்க தொடாத கட்டையாப் பாத்துதான் வச்சேன். ரெண்டு மணி நேரம் உங்க காலையே பாத்துட்டிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போகல."

அம்மா கையிலிருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"போகல, ஏன்னா அது கடைசி ஒலி. கடைசியிலதான் வரும்." அவள் குரல் உடைந்தது. "என் வாழ்க்கையிலேயே நல்லா வாசிச்சது இன்னிக்குத்தான். அதை நிறுத்திட்டீங்க. கேட்டேனா? உங்களை யாராவது கேட்டாங்களா? லிஃப்ட்காரர் வேலை லிஃப்டோட நிக்கணும்."

அந்தச் சிரிக்கிற கண்கள் அணைந்ததை அவள் பார்த்தாள். அவன் குனிந்து லேப்டாப்பில் அந்த ஏற்பாட்டை நீக்கினான். இடது கோடியைக் கையால் அழுத்தினான். தரை அதிர்ந்தது. மொத்தம் ஒரு நிமிட வேலை.

"முடிஞ்சது மேடம்."

மேடம்... நேற்றைக்கெல்லாம் டீச்சராக இருந்தவள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"இன்னும் நேரம் இருக்குடி," என்றாள் அம்மா. "திட்டுறதுல இருக்கிற வேகத்தை அதுல காட்டு."

மணி ஐந்து பதினெட்டு. விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்தாள். அவள் கண்ணை மூடிக் காத்திருந்தபோதுதான், வழக்கமாகச் சுவருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஏதோ ஒரு ரீங்காரம் இல்லாதது தெரிந்தது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளுக்காக நிற்பது போல அப்படி ஓர் அமைதி. வாசித்தாள். முதல் முறை போல வெண்ணெயாக வரவில்லை. இரண்டு இடத்தில் கரடுமுரடாகத்தான் இருந்தது. ஆனால் கோபமும் அழுகையும் கலந்த ஏதோ ஒன்று அதில் இருந்தது. கடைசியில் இடது காலை நீட்டி மிதித்தபோது அந்த ஒலி எழுந்தது, நின்றது, அவள் விட்டபோது அடங்கியது.

ஐந்து ஐம்பத்து மூன்றுக்குப் 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது. அவள் லிஃப்டுக்கு ஓடினாள். இருட்டாகக் கிடந்தது. ஐந்து மாடியும் படியிறங்கினாள்.

கீழே எட்டுப் பேர் அவனைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"அரை மணி நேரமா ஏன்யா நிறுத்தி வச்சிருக்க?" என்றார் ஏழாவது மாடிப் பெரியவர். "என் முட்டி என்ன இரும்பா?"

"ஆறு மணிக்குச் சரியாயிரும் ஐயா."

"கோளாறு என்னன்னு சொல்லு."

அவனோ கையில் சாவியோடு, ஈரச் சட்டையோடு, தலை குனிந்தபடி நின்றிருந்தான். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மோட்டார் சத்தம்... பதிவில் விழக் கூடாதென்று...

"கோளாறு என்னாலதான்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் வாசிக்கிறதுக்காக நிறுத்தச் சொன்னேன். அவரை விட்டுருங்க. திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

திட்டினார்கள். ஒருவர் விடாமல் திட்டினார்கள். அவன் சாவியைத் திருப்பினான், விளக்கெரிந்தது, எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே மேலே போனார்கள். கீழே இவர்கள் இருவர் மட்டும். வாசலில் மழை.

"நீங்க எங்க நிறுத்தச் சொன்னீங்க?" என்றான் அவன்.

"நீங்க மட்டும் என்னைக் கேட்டா பண்ணீங்க?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. "உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. லிஃப்டோட நிக்கணும்னு... தப்பு. இனிமே எதைப் பண்றதா இருந்தாலும் என்கிட்டச் சொல்லிட்டுப் பண்ணுங்க. அவ்வளவுதான்."

அவன் ஈர முடியைக் கோதிக்கொண்டான்.

"அப்போ ஒண்ணு சொல்லிடுறேன். நேத்து லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்ல. எந்த உருளையும் மாத்தல... உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

அவளுக்கு முகம் சூடேறியது. எதையாவது சொல்லித் திட்டிவிடலாம் என்று பார்த்தாள்.

"நாளைக்கும் லிஃப்ட்ல ஒண்ணும் இருக்காது," என்றாள், மழையைப் பார்த்துக்கொண்டே. "ஆனாலும் வாங்க... நான் காத்துட்டிருப்பேன்."