கருவிழியில் ஒரு ஜன்னல்

இறந்துபோன தலைமையாசிரியரின் கண்ணில் ஒரு ஜன்னல் தெரிந்தது. ஜன்னல் தெரிவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் உட்காரவைத்துப் படம் எடுத்தால் யார் கண்ணிலும் அந்த வெளிச்சம் விழத்தான் செய்யும். ஆனால் அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதுபோல் இருந்தது. டச்சப்புக்கு அதுதான் உறுத்தியது.

டச்சப் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஊரில் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து வைத்தது. கல்யாணப் பெண்ணின் முகத்தில் பருவை எடுக்க வேண்டுமா, சண்டை போட்டுக்கொண்டு போன மாமாவைக் குடும்பப் படத்திலிருந்து தூக்க வேண்டுமா, “டச்சப்கிட்ட குடுங்க” என்பார்கள். ஆனாலும் அவனுக்குச் சோறு போட்டது வேறு வேலை. இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டும் அளவுக்குச் சீராக்கித் தருவான். வருகிற படங்களில் பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். மூடிய கண்ணைத் திறப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தலைமையாசிரியரின் மகளும் அப்படி ஒரு படத்தைத்தான் கொண்டுவந்தாள். ஏதோ விழாவில் எடுத்தது. முகம் நன்றாக விழுந்திருந்தது, சட்டைக் காலர் கசங்கியிருந்தது, கண் மூடியிருந்தது.

“போட்டோன்னாலே அப்பா கண்ணை மூடிப்பாருங்க. கண்ணைத் திறந்து ஒரு படம்கூட வீட்ல இல்ல.”

“அதெல்லாம் திறந்துடலாம். எப்படிப் பார்ப்பாரு? முறைப்பா, சாதுவா?”

“சாதுதான். யாரைப் பார்த்தாலும் ‘தம்பி’ம்பாரு. டாக்டரும் தம்பி, டிரைவரும் தம்பி. பொண்ணு என்னையே தம்பின்னுதான் கூப்பிடுவாரு, பாருங்களேன்” என்று சிரிக்க ஆரம்பித்தவள், அப்படியே அழுதுவிட்டாள்.

அவளை அனுப்பிவிட்டு, டச்சப் காலரைத் தேய்த்து நிமிர்த்தினான். பிறகு வழக்கம்போலத் தன் மனைவியின் கண்ணை எடுத்து அவருக்கு வைத்தான்.

அதுதான் அவனுடைய தொழில் ரகசியம். கல்யாணமான புதிதில், ஒற்றை ஜன்னல் வைத்த ஒரு வாடகை அறையில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில், ஜன்னலைச் சாத்திவிட்டு அதன் பக்கத்தில் அவளை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தான். தலைகுளித்த ஈரம் காயாமல் அவள் நேரே அவனைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் அத்தனை உயிர். பிறகு ஒருநாள் அவசரத்துக்கு அந்தக் கண்ணை யாரோ ஒரு பெரியவருக்குப் பொருத்திப் பார்த்தான், கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. நிறத்தைக் கொஞ்சம் மாற்றி, இமையைத் தளர்த்தி, ஓரத்தில் நாலு சுருக்கம் இழுத்துவிட்டால் ஆணுக்கும் சரி, பெண்ணுக்கும் சரி. அன்று தொடங்கி, மூடிய கண்ணோடு வந்த அத்தனை பேரும் அவள் கண்ணால்தான் பார்க்கிறார்கள். அவளிடம் மட்டும் இதைச் சொன்னதில்லை. சொன்னால் விளக்குமாற்றைத் தூக்குவாள். அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு பிரியம்.

இப்போது வந்த வினை மானிட்டரால் வந்தது. பழையது கொஞ்ச நாளாகவே காலை வாரிக்கொண்டிருந்தது. திரையில் மாநிறமாக இருந்த முகம், அச்சில் மஞ்சள்காமாலை கண்டதுபோல் வந்தது. “இந்த டப்பாவை வச்சுக்கிட்டு இனிமே எனக்கு ஃபைல் அனுப்பாதீங்க” என்று பிரிண்ட் போடுகிறவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சரி என்று புது மானிட்டருக்குக் கடையில் சொல்ல, கடைக்காரரே காலையில் இரண்டு மானிட்டர்களைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார்.

“ரெண்டையும் ஓட்டிப் பாருங்க சார். சின்னது 4K. நல்ல சரக்கு, குறை சொல்ல முடியாது. பெரிசு 8K. இதைவிட நாலு மடங்கு புள்ளி. அதுல பார்த்தா உங்க படத்துல நீங்களே பார்க்காததெல்லாம் தெரியும். சாயங்காலம் வந்து வேண்டாததை எடுத்துக்கிட்டுப் போறேன்.”

டச்சப்பின் வேலை அறையில் பகல் இரவு எல்லாம் ஒன்றுதான். வெளி வெளிச்சம் பட்டால் நிறம் ஏமாற்றும் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, சுவருக்குச் சாம்பல் நிறம். புது பிளாஸ்டிக் சூடேறும் வாசனை அறையில் நிறைந்திருந்தது. அடுத்த அறையிலிருந்து மனைவியின் தையல் மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு கடைக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். கடகடவென்று ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது நிற்கும்போதெல்லாம் வேறொரு சத்தம் மிச்சமிருப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. மெல்லிய சத்தம். நகத்தால் கண்ணாடியைத் தட்டுவதுபோல். குழாய் ஒழுகுகிறதாக்கும் என்று எழுந்துபோய்ப் பார்த்தான். குழாய் காய்ந்து கிடந்தது.

ஒரே படத்தை மூன்று திரையிலும் போட்டான். பழையதில், தலைமையாசிரியரின் கருவிழியில் இருந்த வெளிச்சம் வெறும் வெள்ளைத் தீற்றல். 4K-யில் அது ஜன்னலானது: சட்டம், கம்பி, சாத்திய கதவின் கண்ணாடி. ‘பலே’ என்று தொடையில் தட்டிக்கொண்டான். பெரிய திரைக்குத் திரும்பினான்.

அதில் ஆள் இருந்தார்.

தூசி என்று துணியால் துடைத்தான். போகவில்லை. படத்தை நகர்த்தினால் ஆளும் கூடவே நகர்ந்தார். அப்படியென்றால் திரையில் கோளாறு இல்லை, படத்தில்தான். கேபிளை மாற்றினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். எழுந்து முகம் கழுவினான், உட்கார்ந்தான், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான், முன்னுக்கு இழுத்தான். மண்டையைக் குடைந்த கணக்கு இதுதான்: கண்ணை எடுத்த மனைவியின் படம் அந்தக் காலத்து ஓட்டைக் கேமராவில் எடுத்தது. கண்ணுக்குள் விழுந்த வெளிச்சத்துக்கு அதில் இருப்பதே நாலைந்து புள்ளி. இல்லாத புள்ளியைக் கொண்டுவந்து காட்ட எந்த மானிட்டராலும் முடியாது. நாலு மடங்கு என்ன, நாற்பது மடங்கு விலை கொடுத்தாலும் முடியாது.

“ஏங்க! இங்க கொஞ்சம் வாங்களேன்.”

தூக்கிவாரிப்போட்டது. மனைவிதான். ஊசியில் நூல் கோக்கக் கூப்பிடுகிறாள். கொஞ்ச நாளாக அவளால் அது முடிவதில்லை.

“இன்னிக்கு ரொம்ப உறுத்துதுங்க” என்றாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே. “தூசி விழுந்த மாதிரி இல்ல. உள்ளேயிருந்து யாரோ தட்டற மாதிரி.”

“டாக்டர்தான் ஒண்ணும் இல்லன்னாரே.”

“அவருக்கென்ன, லைட்டை அடிச்சுப் பார்த்துட்டு, கண்ணை நல்லாக் கொட்டுங்கம்மான்னுட்டாரு. நாள் முழுக்க மானிட்டரைப் பார்க்கறது நீங்க, உறுத்தறது எனக்கா? நல்ல நியாயம்!”

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. நூலைக் கோத்துக் கொடுக்கையில் மூன்றாம் தடவைதான் நுழைந்தது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

“உங்களுக்கு என்ன ஆச்சு? முகமே சரியில்லையே.”

“ஒண்ணுமில்ல. ரெண்டுல எது நல்லதுன்னு பார்த்துப் பார்த்துத் தலைவலி.”

“உங்க கண்ணுக்கு எது இதமா இருக்கோ அதை வச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.

திரும்பி வந்தான். திரையில் ஆள் கொஞ்சம் கிட்டே வந்திருந்தார்.

தொழில்காரனின் கை சும்மா இருக்குமா? தலைமையாசிரியர் படத்தை மூடிவிட்டு மூலத்தைத் திறந்தான். மனைவியின் படம். ஈரத் தலையும் அந்தப் பார்வையும். அவள் கண்ணைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். வழக்கமாக இந்த அளவுக்குப் போனால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். உடையவில்லை. போகப் போகத் தெளிவாகிக்கொண்டே போனது. கம்பியில் துரு தெரிந்தது, கண்ணாடியில் வழிந்த மழைநீர் தெரிந்தது, அதற்குப் பின்னால் முகங்கள் தெரிந்தன. கும்பலாக. தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

எல்லாரையும் அவனுக்குத் தெரியும். மூக்கை அவன் நேராக்கிக் கொடுத்த வக்கீல். கழுத்துத் தழும்பை அவன் மறைத்த பஸ் கண்டக்டர். நோயில் ஒட்டிப்போன கன்னத்தை அவன் நிரப்பிக் கொடுத்த அம்மாள். வாழ்ந்த காலத்தில் அவர்களுக்கு அந்த மூக்கும் கன்னமும் கிடையாது. அவன் திருத்தின முகத்தோடுதான் வந்திருந்தார்கள். முன்வரிசையில் தலைமையாசிரியர், அவன் தேய்த்து நிமிர்த்திய காலரோடு.

ஒருவருக்கும் கண் திறந்திருக்கவில்லை.

மூடிய கண்ணோடு, கைகளை நீட்டி, கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். தட்டினார்கள். தாழ்ப்பாள் எங்கே என்று தேடினார்கள். அசையாத படத்தில் எப்படித் தேட முடியும்? முடியாது. ஆனால் அவன் இமைக்கும்போதெல்லாம் விரல்கள் இடம் மாறியிருந்தன.

போன் அடித்தது. கடைக்காரர்.

“என்ன சார், முடிவு பண்ணியாச்சா? எதைத் தூக்கட்டும்?”

“பெரிசு. பெரிசை எடுத்துட்டுப் போயிடுங்க. உடனே வாங்க.”

“என்ன சார், எல்லாரும் அதுதான் வேணும்னு கேக்கறாங்க. கிளியரா இல்லியா?”

போனை வைத்துவிட்டான். அடுத்த அறையில் மனைவி “ஸ்ஸ்” என்று வலியில் இழுத்தது கேட்டது. அவனுக்குப் பகீரென்றது. அவள் கண். தான் கேட்காமல் எடுத்து ஊருக்கெல்லாம் இரவல் கொடுத்த கண். அதற்குள்தான் இவர்கள் நிற்கிறார்கள். மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணைக் கசக்குகிறாள், பாவி மகள், ஒன்றும் தெரியாமல்.

இவர்களை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும். எடுப்பது அவனுக்குக் கைவந்த கலை. எத்தனை மாமாக்களை எடுத்திருக்கிறான், எத்தனை பழைய காதலர்களை. பக்கத்திலிருந்து வெறும் மழையை எடுத்து ஆள்மேல் பூச வேண்டும், அவ்வளவுதான் வேலை. வக்கீலைப் பூசினான். போய்விட்டார். கண்டக்டரைப் பூசினான். அந்த அம்மாளை. பின்வரிசையை. வியர்வை மவுஸில் வழிந்தது. பூசினான். பூசினான். தலைமையாசிரியர் மட்டும் மிஞ்சினார். கை தாழ்ப்பாள்மேல் இருந்தது. அந்தக் கையின்மேல் பூசினான். காலர்மேல். முகத்தின்மேல்.

வெறும் ஜன்னல்.

படத்தைச் சேமித்தான். சின்னத் திரையில் போட்டுப் பார்த்தான், சுத்தம். பெரியதில் பார்த்தான், சுத்தம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். தட்டும் சத்தமும் நின்றிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. தன் பயத்தை நினைத்துத் தனக்கே சிரிப்பு வந்தது. மனைவியிடம் இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, விளக்குமாறோ எதுவோ வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டான்.

கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தான்.

ஜன்னல் கதவு திறந்திருந்தது.

அன்றைக்கு மழை. கதவைச் சாத்தியவனே அவன்தான். திறந்த கதவை அவன் வரையவில்லை. பூசியதெல்லாம் ஆட்கள்மேல்தான். அப்படியென்றால் அவர்கள் அழிந்துபோகவில்லை.

எங்கே போனார்கள்?

தையல் மெஷின் ஓடவில்லை. எவ்வளவு நேரமாக ஓடவில்லை?

“ஏய்” என்று கூப்பிட்டான். “ஏம்மா... இருக்கியா?”

எழுந்தான்.

அடுத்த அறையில் விளக்குப் போடவில்லை. வெளியே பொழுது சாய்ந்து, திரைச்சீலைத் துணியெல்லாம் கறுத்துத் தரையில் கிடந்தது. அவள் மெஷின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணைக் கசக்கவில்லை. ஒரு கையில் ஊசி. மறுகையில் நூல். அந்த இருட்டில், ஒரே தடவையில், நூலை ஊசிக்குள் விட்டாள். இழுத்தாள். அடுத்த ஊசியை எடுத்தாள். அதிலும் விட்டாள்.

“உறுத்தல் போயிடுச்சா?” என்று கேட்டான்.

அவள் திரும்பினாள். அவனை மேலும் கீழுமாக ஆசையாகப் பார்த்தாள். ரொம்ப காலம் கழித்து எதையோ பார்க்கிற பார்வை.

“இப்போ நல்லாத் தெரியுது, தம்பி” என்றாள்.

வாசலில் மணி அடித்தது. மானிட்டர் கடைக்காரர். மறுபடி அடித்தது. டச்சப் நகரவில்லை. அவள் எழுந்து கிட்டே வந்தாள், சாதுவாகச் சிரித்தபடி, அவன் முகத்தோடு முகம் வைக்கும் அளவுக்குக் கிட்டே. பார்க்க எந்த மானிட்டரும் தேவைப்படவில்லை.

இரண்டு கருவிழியிலும் ஜன்னல் இருந்தது. கதவு சாத்தித் தாழிட்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஈரத் தலையோடு ஒருத்தி நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாய் பிளந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.