பீரோவில் நாற்பது விரிப்பு

மழைக்கு ஒதுங்கியவள் தப்பான கதவில் நுழைந்துவிட்டாள். அது ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். அடுக்கில் மேலாக இருந்த துண்டை உருவித் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

"ஏங்க! அது எண்ணி வெச்சது!"

கத்தியவன் சலவைக்குப் பொறுப்பாளன். கஞ்சி போட்ட சட்டை மாதிரி நிற்பான். ஆஸ்பத்திரியே அவனை 'விறைப்பு' என்றுதான் கூப்பிடும்.

"நனைஞ்சவளுக்குத் துண்டு தர மேலிடத்து உத்தரவு வேணுமா?"

துண்டுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன... மழை கழுவிவிட்ட கண்கள். பாவிப் பயலுக்கு எண்ணிக்கை மறந்துபோனது.

அப்புறம்தான் தெரிந்தது. படுக்கை விரிப்பு ஏன் பத்தவில்லை என்று பார்க்க நிர்வாகம் அனுப்பிய ஆள் அவள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அவனுக்கு வேலை கிடையாது.

"என் சீட்டைக் கிழிக்க வந்தீங்களா?"

"தப்பு யாருதுன்னு நான் தேடலைங்க. எது எதை இழுத்துட்டுப் போகுதுன்னு தேடறேன்."

படித்தவர்கள் பேச்சு. அவன் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்?

மூன்று நாள் அழுக்குத்துணி வண்டியின் பின்னாலேயே வார்டு வார்டாக நடந்தாள். நாலாம் நாள் சுவரில் ஒரு வட்டம் வரைந்தாள்.

"பத்தாதுன்னு பயந்து ஒவ்வொரு வார்டும் அலமாரியில பதுக்குது. பதுக்கப் பதுக்க, சுத்தி வர்றது குறையுது. குறையக் குறைய இன்னும் பயம்... யாரும் திருடலைங்க. யாராவது முதல்ல திறக்கணும். அவ்வளவுதான்."

அவன் பீரோவிலேயே நாற்பது விரிப்பு கிடந்தது, அவசரத்துக்கு என்று. சொன்னால் திருட்டுப் பட்டம்.

மறுநாள் காலை, எல்லா நர்சுகளுக்கும் முன்னால் பீரோவைத் திறந்தான்.

"அடப்பாவி விறைப்பு... நீயுமா!" தலைமை நர்சக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சாயங்காலத்துக்குள் எல்லா வார்டு அலமாரியும் திறந்துகொண்டது.

மாதக் கடைசி. எல்லாக் கட்டிலிலும் வெள்ளை விரிப்பு. வெளியே மழை. விடைபெற வந்தவள் அந்தத் துண்டைத் துவைத்து மடித்து நீட்டினாள்.

"எண்ணிக்கோங்க."

"என் நாற்பதை... மேல எழுதிக் குடுத்தீங்களா?"

"யார் பேரும் எழுதலை. வட்டத்தைத்தான் எழுதினேன்."

அவன் துண்டை வாங்க மறந்து நின்றான். "பதினோரு வருஷமா எது குறைஞ்சாலும் என் தலைதான் உருளும். தப்பு யாருதுன்னு கேக்காத முதல் ஆள் நீங்கதான். நன்றிங்க..."

"நன்றி மட்டும்தானா?"

"இல்ல... துண்டுக்குள்ளேருந்து எட்டிப் பார்த்தீங்களே... அன்னையிலேருந்து எனக்கு உங்க நினைப்புத்தான். சொல்லப் பயம்."

அவள் கன்னம் சிவந்தது. "அப்பாடா... முதல்ல நீங்களே திறந்துட்டீங்க. நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன்."

நீட்டிய துண்டைத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கும் எண்ணிக்கையில் ஒரு துண்டு குறைந்தது. விறைப்பு அதைத் தேடவில்லை.